சென்னைப் பேச்சுக்கு ஓர் அகராதி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் தோழிகளும் சென்னைப் பேச்சுச் சொற்களுக்கு ஒரு சிறு அகராதி தயாரிக்கிறோம். ஒவ்வொரு சொல்லையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பொருள் கேட்டு, அதிகம் பேர் சொல்வதை எழுதிக்கொள்கிறோம். இது போதுமா? வசைச் சொற்களைச் சேர்க்கலாமா?

ஒரு கல்லூரி மாணவி, ராயபுரம்

அன்புள்ள மாணவிக்கு,

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் பேச்சு வழக்குக்கு எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் அகராதி கொண்டுவந்தார். சென்னைப் பேச்சுக்கு உங்களைப் போன்ற இளையவர்கள் இறங்குவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் வாக்கெடுப்பு போதாது. பொருள் என்ன என்று கேட்டால் தெரியாதவரும் ஏதாவது சொல்லிவிடுவார். தெரிந்தவருக்கோ சட்டென்று சொல்ல வராது. அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள்.

'மொக்கை'யை எடுத்துக்கொள்வோம். குழுவில் கேட்டால் 'போர்', அதாவது சலிப்பு, என்பார்கள். 'மொக்கைப் படம்', 'மொக்கை போடாதே' இரண்டுக்கும் அது ஓரளவு சரி. 'எல்லார் முன்னாடியும் மொக்கை வாங்கிட்டான்' என்றால்? அங்கே மூக்குடைபட்டான் என்று பொருள். 'கத்தி மொக்கையா இருக்கு' என்றால் கூர் மழுங்கியது. ஒவ்வொன்றையும் தனியாகப் பதிய வேண்டும். அப்புறம், தப்பான வாக்கியத்தையும் நீங்களே சொல்லிப் பாருங்கள். 'கத்தி மொக்கை வாங்கிடுச்சு' என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த மறுப்பில்தான், 'மொக்கை வாங்கு' ஆளுக்கு மட்டுமே வரும் என்பது பிடிபடும். இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாக்கியம் தருபவர்கள் எல்லாரும் ஒரே வகுப்புத் தோழிகளாக இருந்தால் பயனில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா, ஆட்டோ ஓட்டுபவர், பள்ளிப் பையன் என்று ஒருவரையொருவர் அறியாத மூன்று பேரிடமாவது அதே பொருள் வரட்டும். வயது, இடம், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சொற்கள் வேகமாகப் பொருள் மாறுபவை.

வேரை நம்பிப் பொருள் எழுதவும் வேண்டாம். 'கஸ்மாலம்' வடமொழிக் 'கச்மலம்'தான்; கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனனின் மனக்கலக்கத்தைச் சொல்கிறது. உங்கள் தெருச் சண்டையில் அது ஆளைத் திட்டும் சொல். அகராதிக்கு முதலில் வேண்டியது தெருவில் இருக்கும் பொருள்.

வசைச் சொற்களைக் கட்டாயம் சேருங்கள். யார் யாரைச் சொல்வது, கோபத்திலா, சிநேகிதர்களுக்குள் உரிமையோடா என்ற குறிப்பு கூடவே இருக்க வேண்டும். ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைத்த சொல்லைத் தூக்கிப் போடாதீர்கள். தனி நோட்டில் வைத்திருந்து, அச்சுக்குப் போகுமுன் இன்னொரு தடவை விசாரியுங்கள்.