மெட்டல் டிடெக்டர்: நாமே செய்வதா, வாங்குவதா?

மண்ணிலோ சுவரிலோ மறைந்திருக்கும் உலோகத்தைத் தொடாமலே காட்டிக்கொடுக்கும் கருவி இது. அதன் உயிர் ஒரு செம்புக் கம்பிச் சுருள். மாறுமின்னோட்டம் பாயும்போது சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகிறது. அருகில் உலோகம் வந்தால் அதற்குள் சிறு மின்னோட்டங்கள் சுழன்று அந்தப் புலத்தைக் கலைக்கின்றன.

வீட்டில் செய்யும் எளிய வகையில் இரண்டு அலைவுச் சுற்றுகள், அதாவது சீராகத் துடிக்கும் மின்சுற்றுகள், இருக்கும். தம்பூராவின் இரு தந்திகள் இம்மி பிசகினாலும் சேர்ந்து ஒலிக்கையில் ஒரு துடிப்பு கேட்கும் அல்லவா? அதே சங்கதிதான். உலோகம் ஒரு சுற்றின் சுருதியை நகர்த்த, இயர்போனில் ஒலி மாறுகிறது. சில டிரான்சிஸ்டர்களும் ஒரு பேட்டரியும் போதும். ஆனால் வெயில் பட்டாலே சுருதி நழுவும். நாணயம் சில அங்குலத்துக்குக் கீழே போனால் சிக்காது.

கடையில் விற்பவற்றில் பெரும்பாலும் காந்தப்புலத்தை அனுப்ப ஒரு சுருள், உலோகத்திடமிருந்து திரும்பி வரும் சைகையைப் பெற ஒரு சுருள். இவ்விரண்டையும் சமன்செய்து பொருத்துவதுதான் கைவேலைக்காரரைக் கண்ணீர் விடவைக்கும். மில்லிமீட்டர் விலகினாலும் கெட்டது. கிரகாம் பெல்லே 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டை இம்முறையில் தேடித் தோற்றார். கட்டில் மெத்தையின் உலோகச் சுருள்களும் குழப்பின என்பார்கள்.

என்னைக் கேட்டால், கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். தேடி எடுக்க வாங்குங்கள்.

விலை உயர்ந்த கருவி தங்கத்தை மட்டும் அடையாளம் காணும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சின்ன மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியக்கூடும்.