கண்ணுக்குள் கட்டியா? எந்த ஸ்கேன், எதற்கு?

குலசாமி கோயிலில் காது குத்தியபோது எடுத்த போட்டோவில் மகனுக்கு ஒரு கண் சிவப்பாகவும், மற்றது பூனைக்கண் மாதிரி வெள்ளையாகவும் தெரிகிறது. ஒன்றரை வயது. கேமரா கோளாறு என்கிறார் வீட்டுக்காரர். (உசிலம்பட்டி)

அம்மா, ஆடி கழியட்டும் என்று நாள் பார்க்காதீர்கள். இந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. அந்த போட்டோவை அழித்துவிடாமல் போனையும் கொண்டுவாருங்கள்.

ஃப்ளாஷ் வெளிச்சம் விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது சிவப்பாகத் தெரிவதுதான் வழக்கம். வெள்ளையாகத் தெரிந்தால் போட்டோ எடுத்த கோணம் காரணமாக இருக்கலாம், பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ஆனால் ஐந்து வயதுக்குள் வருகிற ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து, உள்ளே முழுவதும் பார்ப்பார்கள். அப்புறம் பி-ஸ்கேன். வயிற்றுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்டுதான். மூடிய இமைமேல் ஜெல் தடவி, பேனா தடிமனுள்ள கருவியை வைப்பார்கள். இந்தக் கட்டியில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கும். திரையில் அது பளிச்சென்ற வெள்ளைப் புள்ளிகளாகவும், பின்னால் கறுப்பு நிழலாகவும் விழும். பார்வை நரம்பு வழியாக நோய் பின்னால் போயிருக்கிறதா என்று காட்ட எம்.ஆர்.ஐ. வேண்டும். சி.டி.யை இந்தப் பிள்ளைகளுக்குக் கூடியவரை தவிர்க்கிறோம். இந்த நோய் மரபணு வழியாக வந்திருந்தால், கதிர்வீச்சு பின்னாளில் வேறு புற்றுக்கு வழிவிடக்கூடும். நோய் வெளியே பரவிவிடும் என்பதால் ஊசி குத்திச் சதை எடுத்தும் பார்ப்பதில்லை. அதனால்தான் படங்களை இவ்வளவு கவனமாக எடுக்கிறோம்.

நோய் உறுதியானால் கூடப் பிறந்த பிள்ளைகளின் கண்களையும் கட்டாயம் காட்ட வேண்டும்.

வெள்ளை முழியில் மூக்கோரமாகச் சதை வளர்கிறது. வயல் வேலை. ஸ்கேன் எடுக்கலாமா? (மேலூர்)

பெரும்பாலும் வெயிலும் தூசியும் தருகிற சதை வளர்ச்சிதான். ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்தாலே போதும், காசைச் செலவழிக்காதீர்கள். வேகமாகப் பெரிதானாலோ, வெண்மையாகத் தடித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே காட்டுங்கள். அப்போது அது சாதாரணச் சதையா, புற்றா என்று பார்க்க, கண்ணின் முன்பகுதிக்கான ஓ.சி.டி. (ஒளியால் அடுக்கடுக்காகப் படம் எடுக்கிற ஸ்கேன்) உதவும்; மேல்தோல் மட்டும் ஓரிடத்தில் திடீரெனத் தடித்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

சர்க்கரைக்காகக் கண் பார்க்கப் போனேன். விழித்திரைக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது என்றார்கள். புற்றா? வயது 58. (செல்லூர்)

ஐயா, தோலில் இருப்பது போலக் கண்ணுக்குள்ளும் மச்சம் உண்டு. பெரும்பாலானவை காலமெல்லாம் அப்படியே கிடக்கும். முதலில் கலர் போட்டோ எடுத்து வைப்பார்கள். பி-ஸ்கேனில் தடிமன் அளப்பார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கண்காணிப்பு இறுகும். மேலே நீர் கோத்திருக்கிறதா என்று ஓ.சி.டி. சொல்லும். மெலனோமா என்கிற புற்று நம் ஊர்க்காரர்களுக்கு அபூர்வம். முற்றினால் பி-ஸ்கேனில் காளான் குடை போலத் தெரியும். இன்று எடுத்த படத்தோடு அடுத்த படத்தை ஒப்பிட்டால்தான் வளர்கிறதா என்று சொல்ல முடியும். சொன்ன தேதியில் போங்கள், பழைய ஃபைலை மறக்காதீர்கள்.

கண்ணின் ரத்தக்குழாய்களைப் பார்க்கக் கையில் சாயம் ஏற்றி ஆஞ்சியோ எடுத்தால், ஒரு நாள் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு கண் முன்னால் தள்ளியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார்கள். கப்பலூரில் லேத் வேலை. ஏதும் யோசிக்கணுமா?

கட்டாயம் யோசிக்கணும், தம்பி. எப்போதாவது இரும்புத் தூள் தெறித்துக் கண்ணில் பட்டதா? உள்ளே ஒரு துணுக்கு தங்கியிருந்தாலும் எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அதை அசைத்துப் பார்வையையே கெடுத்துவிடும். ‘அப்போதே எடுத்துட்டாங்க’ என்று விட்டுவிடாமல், டெக்னீஷியனிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்து, உள்ளே உலோகம் இல்லை என்று பார்த்த பிறகே காந்த அறைக்குள் போக வேண்டும்.