“சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது”

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக்கு ஐரோப்பா தனிச் சட்டமே போட்டுவிட்டது. நாம் இன்னும் வழிகாட்டுதல், ஆலோசனை என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இதிலும் பின்தங்கிவிட்டோம்தானே?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பந்தயம் என்று பார்த்தால் பின்தங்கியதாகத்தான் தெரியும். சரி, முன்னால் ஓடியவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிடுவோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் சட்ட வரைவை முன்வைத்தது 2021 ஏப்ரலில். அதை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்து குதித்தது. ஆணையத்தின் வரைவில் அப்படியொரு சரக்குக்கு இடமே கிடையாது. பந்தி நடக்கும்போது கூடுதல் இலை போடுவதுபோல, அதற்கான விதிகளைப் பிறகு எழுதிச் சேர்த்தார்கள். 2024 ஆகஸ்டில் சட்டம் அமலுக்கு வந்தது, அதுவும் தவணை முறையில். குடிமக்களின் நடத்தைக்கு மதிப்பெண் போடுவது, அலுவலகத்தில் ஊழியரின் முகத்தைப் படித்து மனநிலையைக் கணிப்பது போன்றவற்றுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களையும் என்னையும் தொடும் பகுதி வேறு. வேலைக்கு ஆள் எடுப்பது, வங்கிக் கடன், அரசு உதவித்தொகை ஆகியவற்றில் ‘இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை’ என்று பிரிக்கும் மென்பொருள்களுக்கான கட்டுப்பாடு அது. 2026 ஆகஸ்ட் என்று சட்டத்தில் தேதி குறித்திருந்தார்கள். 2025 நவம்பரில் அதே ஆணையம், இதை 2027 டிசம்பர் வரை தள்ளிப்போடலாம் என்று முன்மொழிந்தது. ராணுவத்துக்கும் தேசப் பாதுகாப்புக்கும் முதல் நாளிலிருந்தே விலக்கு.

நம் கதைக்கு வருவோம். சரியாகச் சோதிக்காத ஏஐ மாடல்களை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்று மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 மார்ச் 1 அன்று சொன்னது. மார்ச் 15 அன்று அனுமதி வேண்டாம் என்றது. 2025 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டங்களை வைத்தே சமாளிக்கலாம் என்கின்றன. டீப்ஃபேக் (ஏஐ உருவாக்கும் போலிப் படம், வீடியோ) விஷயத்தில் மட்டும் வேகம். அரசோ நீதிமன்றமோ ஒரு பதிவை நீக்கச் சொன்னால் சமூக ஊடகங்களுக்கு முன்பு 36 மணி நேரம் அவகாசம் இருந்தது. 2026 பிப்ரவரியில் அதை 3 மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள்.

தலைவர்கள் முகத்துக்கு 3 மணி நேரம். ரேஷன் கார்டுக்கு?

ஏன் கேட்கிறேன் என்றால், தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்று ஒரு மென்பொருள். அரசுத் துறைகளின் தரவுகளை எல்லாம் கோர்த்து, இன்னாருக்குக் கார் இருக்கிறது, இன்னாருக்குச் சொத்து இருக்கிறது என்று சொல்லும். ஐதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரை, பெயர் ஒத்துப்போன காரணத்தால் கார் உரிமையாளர் என்று அது முடிவுகட்டியது. கார்டு போச்சு. அவர் இறந்த பிறகும் அவர் மனைவி “எங்களிடம் கார் இல்லை” என்று நிரூபிக்க அலைந்தார். இல்லாத காருக்கு எந்த ஆபீசில் சான்றிதழ் வாங்குவது? அந்த மாநிலத்தில் ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் போய் ஆய்வு செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது.

கவனியுங்கள், அந்த உத்தரவுக்கு ஏஐ சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நெதர்லாந்திலும் அதுதான் நடந்தது. உதவித்தொகை மோசடிக்காரர்களை மோப்பம் பிடிக்க அரசு வைத்திருந்த ‘சிரி’ திட்டத்தை (ஐபோனில் பேசும் சிரி அல்ல) ஹேக் நகர நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் நிறுத்தியது. கையில் எடுத்தது பழைய ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைத்தான். கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் சாட்பாட் (வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மென்பொருள்), பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. அந்த சாட்பாட் தனி ஆள், அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியது! தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது.

அதனால் தனிச் சட்டமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நீதிமன்றப் படியேறத் தெம்பில்லாதவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார். அவருக்குச் சட்டம் வேண்டும். தமிழ்நாடு 2020லேயே ‘பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’ வெளியிட்டது. மக்களிடம் கொண்டுபோகும் முன் மென்பொருளைச் சோதித்து மதிப்பெண் போட வேண்டும் என்றது. நல்ல கொள்கைதான். ஆனால் கொள்கையைக் காட்டி வழக்குப் போட முடியாது.

ஐரோப்பியச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது 86-வது பிரிவு. இப்படிப்பட்ட மென்பொருளை வைத்து எடுத்த முடிவு ஒருவரைப் பாதித்தால், அது எப்படி எடுக்கப்பட்டது என்று விளக்கம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இதைப் படித்துவிட்டுப் பொறாமைப்பட வேண்டாம். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(டி) என்ன சொல்கிறது? நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு அரசு அலுவலகம் தெரிவிக்க வேண்டும். முடிவெடுத்தது குமாஸ்தாவா கம்ப்யூட்டரா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த முறை கவுன்ட்டரில் “சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது சார்” என்றால், திரும்பி வந்துவிடாதீர்கள். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எங்களுக்கும் எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறோம்.