ரவிக்கைக் கொக்கியும் கழுத்து எக்ஸ்ரேயும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 49. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் 17 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். நான்கு மாதமாகக் கழுத்தும் வலது தோளும் வலிக்கின்றன. கழுத்து எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து பயந்துபோய் மடிக்கணினிப் பையைத் தூக்குவதில்லை, கையையும் அதிகம் அசைப்பதில்லை. இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. ரவிக்கையின் பின்கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து வாங்கி வந்த வலி மாத்திரையும் கோடாலித் தைலமுமாகப் பொழுது ஓடுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அறுவை சிகிச்சை தேவைப்படுமா?
- சிங்கப்பூர், கிளமெண்டி வாசகி

பதில்: அறுவை சிகிச்சைப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். அந்த எக்ஸ்ரேயைவிட ரவிக்கைக் கொக்கிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஐம்பதை நெருங்கும் பலருக்கும் கழுத்து எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும்கூட. கிட்டத்தட்டத் தலை நரைப்பது மாதிரிதான். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். உங்களுக்கு எடுத்தது கழுத்துப் படம். தோளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லையே!

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு முழங்கைகளையும் மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கதவைத் திறப்பதுபோல முன்கைகளை வெளிப்பக்கம் விரியுங்கள். இடக்கை நன்றாகப் போய், வலக்கை பாதியில் நின்றுவிடுகிறதா? இப்போது மகளை அந்தக் கையை மெதுவாக வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். அவர் நகர்த்தியும் அதே இடத்தில் முட்டி நின்றால், ஃப்ரோசன் ஷோல்டராக, அதாவது தோள்மூட்டு இறுகிப்போகும் நோயாக, இருக்க வாய்ப்பு அதிகம். தசைநாரில் மட்டும் கோளாறு என்றால், நம்மால் முடியாவிட்டாலும் அடுத்தவர் நகர்த்தும்போது பெரும்பாலும் கை போகும்.

தோள்மூட்டைச் சுற்றி உறை ஒன்று இருக்கிறது. அது அழன்று, தடித்து, துவைத்ததில் சுருங்கிய சட்டைபோல் மூட்டைப் பிடித்துக்கொள்கிறது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், குறிப்பாகப் பெண்களுக்கு, அதிகம் வரும். நீரிழிவும் தைராய்டுக் கோளாறும் இருந்தால் இன்னும் அதிகம். சிங்கப்பூரில் சீனர்களைவிட நம் இந்தியர்களிடம்தான் நீரிழிவு கூடுதல். சர்க்கரை இருப்பதையே தோள் வலிக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஆகவே பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்), அரசின் ஹெல்தியர் எஸ்ஜி குடும்ப மருத்துவத் திட்டத்தில் பதிந்திருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ, தோளைப் பரிசோதித்து ஒரு எக்ஸ்ரேயும் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

ஃப்ரோசன் ஷோல்டர் என்று உறுதியானால், பொறுமை வேண்டும். முழுதாக இளக ஓராண்டிலிருந்து மூன்றாண்டுகூட ஆகலாம். வலி கடுமையாக இருக்கும் ஆரம்ப நாட்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாகக் கேட்கும் (சர்க்கரை இருந்தால் சில நாள் அது ஏறும், பயப்பட வேண்டாம்). கூடவே பிசியோதெரபி. கையை அசைக்காமல் வைப்பது இறுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். அதற்காக வெடுக்கென்று இழுத்துவிடுகிறவர்களிடமும் போகாதீர்கள்.

அப்புறம் கழுத்து. நவம்பர் கடைசியிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் விடைத்தாள் கட்டு வரும்போது வலி கூடுகிறதா? தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. மேசைமேல் படுத்திருக்கும் தாளைக் குனிந்து படிக்கும் நேரமெல்லாம் பின்கழுத்துத் தசைகள்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. தடித்த கோப்பு ஒன்றைச் சாய்வாக வைத்து அதன்மேல் தாளை வையுங்கள். மடிக்கணினியை நாலு புத்தகத்தின்மேல் ஏற்றி, விசைப்பலகையைத் தனியாக மாட்டிக்கொள்ளுங்கள். ஐந்தாறு தாள் முடிந்ததும் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போங்கள். விலை உயர்ந்த நாற்காலி வாங்கிவிட்டு அதில் நான்கு மணி நேரம் அசையாமல் இருக்கும் பேராசிரியர்களை எனக்குத் தெரியும், பலனில்லை. தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் ரப்பர் பட்டைப் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்தால் கழுத்துக்கு நல்லது. உங்கள் தோளுக்கு ஏற்றபடி பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரட்டும்.

ஊரிலிருந்து வந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அந்த வகை மாத்திரைகளில் பல, ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பாரசிட்டமால் போதும், 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டாமல். தைலம்? தேய்த்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

கை மரத்துப்போய்ப் பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சு இறுக்கத்தோடு தோள் வலித்து வியர்த்தால் ஆம்புலன்சுக்கு 995.

பை தூக்கலாமா என்று கவலைப்பட வேண்டாம். முதுகுப்பையாக இரண்டு தோளிலும் மாட்டுங்கள். வலது வாரில் கை நுழையாத நாட்களில், உருட்டிச் செல்லும் பை.