நாலு வாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறது! – குழந்தை உணவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு வயது வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டான் என் மகன். இப்போது ஒரு வயது எட்டு மாதம். நாலு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. இளைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை, முதல் பிறந்தநாளில் 9 கிலோவை நெருங்கியிருக்கும். அடுத்த ஒரு வருடத்தில் அது கூட்டப்போவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. அதே நேரத்தில் நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்டிருப்பதால், உட்கார்ந்து சாப்பிடப் பொறுமையும் இருக்காது. எடை, உயரத்தை வளர்ச்சி அட்டையில் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் எப்போதும் போன கோட்டை ஒட்டியே ஏறினால், அது கீழ்க்கோடாக இருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. கோடு தாண்டிக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது அளவு. பெரும்பாலான வீடுகளில் தட்டு நிரம்பி வழிகிறது, குழந்தை பார்த்ததுமே மிரள்கிறது. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் உங்கள் மகனுக்குச் சோறு, பருப்பு, காய் ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிக்கும் குறைவு. அதை வைத்துவிட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள்.

மூன்று சாப்பாடு, இரண்டு சிறுதீனி, இடையில் இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி. இடைவெளியில் தண்ணீர் மட்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதற்குள் முடிந்ததோ இல்லையோ, முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிட வேண்டும். எல்லோரும் கோட்டைவிடுவது இதற்கடுத்த அரை மணி நேரத்தில்தான். ‘ஒண்ணுமே சாப்பிடலையே’ என்று ஒரு பிஸ்கெட்டோ அரை டம்ளர் பாலோ உள்ளே போகும். சோற்றை மறுத்தால் பிஸ்கெட் வரும் என்பதைக் குழந்தை இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். முதல் சில நாட்கள் அழுகை இருக்கும். அடுத்த வேளையை மட்டும் நேரம் தவறாமல் கொடுங்கள்.

யாரும் கவனிக்காத ஒன்று கால். நாற்காலியில் கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தை உடம்பை நிறுத்தவே பாடுபடும்; நெளியும், இறங்கப் பார்க்கும். பாதம் பதிய ஒரு பெட்டியோ முக்காலியோ வையுங்கள். தரையில் உட்கார்ந்தாலும் முதுகுக்குச் சாய்மானம் இருக்கட்டும்.

கேள்வி: குழந்தை பசித்துக் கிடக்கும்போது தட்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று இரண்டு வயதுக்கு என்ன தெரியும்? பின்னாலேயே ஓடி ஊட்டினால்தானே வயிறு நிறையும்? – பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி

பதில்: உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் அளவு குழந்தைக்குத் தெரியும். அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், அப்போதுதான் தாய்ப்பால் மறக்கத் தொடங்கிய 15 குழந்தைகளிடம் இதைச் சோதித்து, 1928-லும் 1939-லும் முடிவுகளை வெளியிட்டார். முப்பதுக்கு மேற்பட்ட உணவுகளிலிருந்து சில சிலவற்றை ஒவ்வொரு வேளையும் முன்னால் வைப்பார்கள். தாதிகள் ‘சாப்பிடு’ என்று சொல்லக் கூடாது, ஊட்ட முனையக் கூடாது. குழந்தை கை நீட்டினால் மட்டும் கொடுக்கலாம். ஒரு வேளை இதை மட்டும், அடுத்த வேளை அதை மட்டும் என்று குழந்தைகள் தாறுமாறாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு மென்மை நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் வைத்த மீன் ஈரல் எண்ணெயைக் குணமாகும் வரை தானாகவே எடுத்துக் குடித்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, டேவிஸே அதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியலில் சர்க்கரையும் இல்லை, பதப்படுத்திய பண்டமும் இல்லை. எதை எடுத்தாலும் நல்லது என்ற நிலையில்தான் குழந்தையின் தேர்வு சரியாக இருந்தது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார வைப்பது, இவை மூன்றும் உங்கள் கையில். சாப்பிடலாமா, எவ்வளவு என்பது பேரன் கையில். பின்னால் ஓடி ஊட்டும்போது அவன் வயிறு ‘போதும்’ என்று சொல்வதை அவனே கேட்காமல் போகிறான். ஓடுகிற வாயில் உணவு புரையேறும் ஆபத்தும் இருக்கிறது. ஊட்டத்தான் ஆசை என்றால் ஊட்டுங்கள், தடையில்லை. உட்கார வைத்து, அவன் வாயைத் திறந்த பிறகு கரண்டி போகட்டும். தலையைத் திருப்பினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கிறாள், அதுவும் பாட்டிலில். சோறு என்றால் ஓட்டம். பால் சத்துதானே, விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் சுமார் 650 கலோரி இருக்கிறது. இந்த வயதில் ஒரு நாள் தேவையில் பாதிக்கும் மேல் அதிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு சோற்றுக்கு எங்கிருந்து பசி வரும்? இரும்புச்சத்து நாளுக்கு 7 மில்லிகிராம் வேண்டும். ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. போதாததற்கு, மற்ற உணவிலிருந்து இரும்பு சேர்வதையும் பாலிலுள்ள கால்சியம் தடுக்கும். அளவுக்கு மீறிய பால் மலச்சிக்கலையும் கொண்டுவரும். மலம் கட்டிய குழந்தைக்குப் பசி எடுக்காது.

400 முதல் 500 மில்லிக்குள் கொண்டுவாருங்கள். வேளைகளுக்கு நடுவில் கொடுக்கும் பாட்டிலை முதலில் நிறுத்துங்கள். மற்றவற்றில் இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மில்லி குறையுங்கள். பகல் பாலை டம்ளருக்கு மாற்றி, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கொடுங்கள். இரவு பாட்டில் கடைசியில் போகட்டும், அதுதான் கடினம். ஆனால் பல்லில் பால் தங்கிச் சொத்தை விழுவதும் அதனால்தான், எனவே அதோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். சத்துமாவு, சாக்லேட் தூள் கலந்து கொடுத்தால் பால் இன்னும் இனித்து, குறைப்பது இன்னும் கடினமாகும்.

முகம் வெளுத்திருந்தாலோ, மண், சாக்பீஸ் போன்றவற்றைத் தின்றாலோ காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்துக் குறைவே பசியைக் கெடுக்கும். அதைச் சரிசெய்யாமல் மற்ற முயற்சிகள் பலிக்காது.

கேள்வி: 4 வயது மகன் காய் என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். மசித்து, மறைத்து, கெஞ்சி எல்லாம் பார்த்தாயிற்று.

பதில்: இரண்டிலிருந்து ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது இயற்கை. தெரியாத செடியைத் தின்னாமல் காத்த அதே எச்சரிக்கை உணர்வு இது. போதாக்குறைக்குக் குழந்தைகளுக்குக் கசப்பு பெரியவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே இன்னும் கூடுதல். எனவே அவன் ‘கசக்குது’ என்றால் பொய் சொல்லவில்லை.

ஒரு காய் பழகப் பத்து, பதினைந்து முறை வாயில் பட வேண்டியிருக்கும். நாம் நாலாவது முறையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று எழுதிவிடுகிறோம். இப்படிச் செய்து பாருங்கள். ஒரே ஒரு காயைத் தேர்ந்தெடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், வயிறு கொஞ்சம் காலியாக இருக்கும் வேறொரு நேரத்தில் பட்டாணி அளவுத் துண்டு ஒன்று. நக்கினாலும் கணக்கு, கடித்துத் துப்பினாலும் கணக்கு. துப்பக் காகிதம் பக்கத்திலேயே இருக்கட்டும். துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கத் துணிவான். செய்தால் நாட்காட்டியில் ஒரு ஸ்டிக்கர். செய்யவில்லை என்றால் ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துவைத்துவிட்டு மறுநாள் மறுபடி. இரண்டு வாரம் விடாமல். பரிசு ஸ்டிக்கராக மட்டும் இருக்கட்டும், மிட்டாயாக வேண்டாம்.

சமைப்பதிலும் கவனம் தேவை. முட்டைகோஸ், காலிஃபிளவர் வகையறாவை நெடுநேரம் வேகவைத்தால் கந்தக வாடை கிளம்பும். சில நிமிடங்களில் இறக்கிவிடுங்கள். சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கும். கொஞ்சம் எண்ணெயோ வெண்ணெயோ அதன் காரத்தைத் தணிக்கும். கேரட், பூசணியை அடுப்பில் எண்ணெய் தடவிச் சுட்டால் ஓரம் சிவந்து இனிக்கும். பல குழந்தைகள் மறுப்பது சுவைக்காக அல்ல, கொழகொழப்புக்காக. குழம்பில் ஊறிய காயைத் தொடாதவன் அதே காயை மொறுமொறுப்பாகத் தனியே வைத்தால் எடுப்பதுண்டு. எனவே எல்லாவற்றையும் கலந்து பிசைவதை நிறுத்திவிட்டுத் தனித்தனியாக வைத்துப் பாருங்கள்.

மறைத்துக் கொடுப்பதால் சத்து உள்ளே போகும், ஆனால் பழக்கம் வராது. அரைத்துச் சேர்ப்பதாக இருந்தால் அதே காயின் ஒரு துண்டு கண்ணுக்குத் தெரியும்படி தட்டிலும் இருக்கட்டும். ‘இதுல என்ன இருக்கு?’ என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒருமுறை பிடிபட்டால் அவனுக்குப் பிடித்த உணவையும் சந்தேகிக்க ஆரம்பிப்பான். கெஞ்சலை மட்டுமல்ல, ‘ஆகா, எவ்ளோ ருசி பாரு’ என்ற விளம்பரத்தையும் விட்டுவிடுங்கள். அதுவும் வற்புறுத்தல்தான், குழந்தைக்கு அது புரியும். நீங்கள் அவன் எதிரில் உட்கார்ந்து அந்தக் காயைச் சாப்பிடுங்கள், அது போதும்.

கேள்வி: காய் சாப்பிட்டால் ஐஸ்கிரீம் என்று சொல்வது தவறா?

பதில்: தவறு. காய் என்பது தண்டனை, ஐஸ்கிரீம் என்பது வெகுமதி என்று நீங்களே பாடம் எடுத்ததாகிவிடும். இனிப்பு கொடுப்பதென்று முடிவு செய்த நாளில், சிறிய அளவாகச் சாப்பாட்டோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். முதலில் அதைத்தான் சாப்பிடும், சாப்பிடட்டும்.

கேள்வி: போன் இல்லாமல் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. எப்படி நிறுத்துவது?

பதில்: திரையைப் பார்க்கும் குழந்தை சாப்பிடுவதில்லை, விழுங்குகிறது. ருசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. மூன்று வயதுக்குள் என்றால் ஒரே நாளில் நிறுத்துவதுதான் எளிது. நாலைந்து நாள் குறைவாகச் சாப்பிடும் என்று முன்பே தெரிந்துகொண்டு தொடங்குங்கள். குழந்தை நன்றாக இருக்கும் வாரமாகப் பாருங்கள். காய்ச்சல், பயணம், பள்ளி சேரும் வாரம் வேண்டாம். பெரிய குழந்தை என்றால், நன்றாகப் பசிக்கும் ஒரு வேளையில் மட்டும் முதலில் நிறுத்தி, ஒரு வாரம் கழித்து அடுத்த வேளைக்குப் போகலாம். பெரியவர்களின் போனும் அடுத்த அறையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

கேள்வி: பசி எடுக்க டானிக் வாங்கலாமா?

பதில்: நீங்களாக வாங்காதீர்கள். இவற்றில் பரவலாக இருக்கும் சைப்ரோஹெப்டடின் உண்மையில் ஒவ்வாமை மருந்து. பசி கூடுவது அதன் பக்கவிளைவு. தூக்கக் கலக்கம் வரும், நிறுத்தினால் பசியும் பழையபடி ஆகும்.

கேள்வி: 10 மாதக் குழந்தை. கொஞ்சம் கட்டி இருந்தாலும் ஓங்கரிக்கிறாள். தொண்டையில் அடைத்துவிடுமோ என்று எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்தே கொடுக்கிறோம்.

பதில்: ஓங்கரிப்பு வேறு, அடைத்துக்கொள்வது வேறு. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், உணவை நாக்கு முன்னால் தள்ளும். அது பாதுகாப்பு ஏற்பாடு. அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. இருமவோ அழவோ முடியாது, உதடு நீலமாகும். உடனே முதலுதவி வேண்டும், அதை வீட்டிலுள்ள எல்லோரும் கற்றுவைத்திருப்பது நல்லது.

மெல்லும் பழக்கம் மென்றால்தான் வரும். இந்த வயதைத் தாண்டியும் மசியலிலேயே வைத்திருந்தால் பின்னாளில் உணவில் பிடிவாதம் கூடுவதைப் பார்க்கிறோம். அரைப்பதை நிறுத்தி முட்கரண்டியால் மசியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொரகொரப்பைக் கூட்டுங்கள். கூடவே விரல் நீளத்தில், இரு விரலுக்கு நடுவே அழுத்தினால் நசுங்கும் பதத்தில் வெந்த காயைக் கையில் கொடுங்கள். நீராகவும் இல்லாமல் திடமாகவும் இல்லாமல், நடுவே கட்டி மிதக்கும் உணவுதான் எல்லாவற்றிலும் கடினம். அதைக் கடைசியில் பழக்குங்கள். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, கெட்டி மிட்டாய் ஆகியவற்றை நாலு வயது வரை ஒதுக்குங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது.

கேள்வி: 6 வயது. வெறும் சோறு, ரொட்டி, ஒரே வகை பிஸ்கெட் என மொத்தம் ஏழெட்டுப் பொருள்தான். முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டான். பக்கத்தில் யாராவது பழம் சாப்பிட்டாலே குமட்டுகிறது.

பதில்: இது சாதாரணப் பிடிவாதத்தைத் தாண்டியது. உணவுகளின் எண்ணிக்கை இருபதுக்கும் கீழே போவது, விட்டவை திரும்பாதது, ஒரு வகை உணவே முற்றாக இல்லாதது, பார்த்தாலே குமட்டுவது, எடை நிற்பது ஆகிய அறிகுறிகள் சேர்ந்திருந்தால் மருத்துவ உதவி தேவை. ‘தவிர்ப்பு, கட்டுப்பாட்டு உணவுக் கோளாறு’ என்ற பெயரில் 2013 முதல் இது தனி நோயறிதலாகவே இருக்கிறது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றிலும் அதிக உணர்ச்சி இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அதிகம். பட்டினி போட்டால் வழிக்கு வருவான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தக் குழந்தைகள் உண்மையிலேயே சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள்.

மருத்துவரிடம் போகும்முன் மூன்று நாள், வாயில் போன எல்லாவற்றையும் நேரம், அளவோடு எழுதுங்கள், குடித்ததையும் சேர்த்து. விட்டுப்போன உணவுகளின் பட்டியல், மலம் கழிக்கும் விவரம், இரவு குறட்டை உண்டா என்பதும் வேண்டும். சொத்தைப் பல், வீங்கிய டான்சில் போன்றவை சில நேரம் இப்படித்தான் வெளிவரும். விழுங்குதல், உணவுப் பயிற்சியில் தேர்ந்த சிகிச்சையாளரிடம் பரிந்துரை கேளுங்கள். அதுவரை, அவன் ஏற்கும் உணவை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அதே ரொட்டியில் வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். அது பழகியபின் வேறு கடை ரொட்டி, பிறகு லேசாகச் சுட்டது என்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒரு படியில் திணறினால் முந்தைய படிக்கு வந்து ஒரு வாரம் நில்லுங்கள்.