"நான்" என்பதே மூளை காட்டும் மாயைதானா? நரம்பியல் இதை நிரூபித்துவிட்டதா?

நிரூபிக்கவில்லை. ஆனால் "நான்" என்று நாம் சொல்வது ஒற்றைப் பொருள் இல்லை, பல வேலைகளின் கூட்டு என்பதை நரம்பியல் தெளிவாகவே காட்டியிருக்கிறது. இந்த உடம்பு என்னுடையது என்ற உணர்வு ஒன்று. இதைச் செய்தது நான்தான் என்ற உணர்வு இன்னொன்று. என் வாழ்க்கையின் நினைவு, ஏன் இப்படிச் செய்தேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளும் விளக்கம் என்று மேலும் இரண்டு. நான்கும் தனித்தனியாகப் பழுதாகக்கூடியவை. ஆகவே "நான் என்பது மாயை" என்று யாராவது சொன்னால், இந்த நான்கில் எதைச் சொல்கிறார், அதை எப்படி அளந்தார் என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன், வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது அது ஒன்றுதான். மேத்யூ பாட்வினிக்கும் ஜோனாதன் கோஹனும் 1998-இல் வெளியிட்ட ரப்பர் கை சோதனை இது. தேவையானவை: பஞ்சு அடைத்த ஒரு ரப்பர் கையுறை, நிமிர்த்தி வைக்க ஓர் அட்டை, ஒரே மாதிரியான இரண்டு ஓவியத் தூரிகைகள், தோளை மூட ஒரு துணி. உட்கார்ந்திருப்பவரின் இடது கையை மேசைமேல் வைத்து, அட்டையால் அவர் கண்ணுக்கு மறையுங்கள். அட்டைக்கு இந்தப்பக்கம், உண்மையான கையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, இடது கையுறையை அதே கோணத்தில் வையுங்கள். கையுறையின் மணிக்கட்டிலிருந்து அவர் தோள்வரை துணியால் மூடிவிடுங்கள். இப்போது இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் வருடுங்கள். தாளம் கொஞ்சம் ஒழுங்கற்று இருப்பது நல்லது. அவர் கண்ணை எடுக்காமல் ரப்பர் விரலையே பார்க்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் பலர், தொடுவது அந்த ரப்பர் விரலில் நடப்பதுபோலவே இருக்கிறது என்பார்கள்.

வராவிட்டால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று. இரண்டு தூரிகைகளுக்கும் இடையே 300 மில்லி நொடிக்கு மேல் தாமதம் விழுந்தால் உணர்வு தளர்ந்துவிடும். இரு கைகளுக்கும் இடைவெளி 30 செ.மீ. அளவுக்குப் போனால் மங்கிவிடும். ரப்பர் கையைக் குறுக்காகத் திருப்பி வைத்தாலும், கைக்குப் பதில் மரக்கட்டையை வைத்தாலும் வேலைக்கு ஆகாது. எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு வரவே வராது. இன்னொரு பெரிய தவறு, என்ன உணர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. எதையும் சொன்னவுடன் உணரும் இயல்புள்ளவர்களுக்கு இந்தச் சோதனை கூடுதலாகப் பலிக்கிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. அதனால்தான் வேண்டுமென்றே அரை நொடி பிசகி வருடும் ஒரு சுற்றையும் நடத்தி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். முதல் சுற்றை மட்டும் பார்த்து முடிவு சொல்வது சோதனையே இல்லை.

இதில் நடப்பது என்ன? பார்வை, தொடுதல், மூட்டுகளிலிருந்து வரும் நிலைத் தகவல் மூன்றையும் சேர்த்து "என் கை எங்கே?" என்று மூளை கணிக்கிறது. பார்வையும் தொடுதலும் ஒத்துப்போனால், மூட்டுத் தகவல் தோற்றுவிடுகிறது. 2004-இல் ஹென்ரிக் எர்சன் குழு செய்த மூளைப் படப்பதிவில், இந்த உணர்வு எவ்வளவு வலுவாக இருந்ததோ அவ்வளவுக்கு, அசைவுகளைத் திட்டமிடும் மூளைப் பகுதியான பிரிமோட்டார் கார்டெக்ஸின் செயல்பாடும் கூடியது. கவனியுங்கள், மாறியது "என்னுடையது" என்ற எல்லைக்கோடுதான். "இது ரப்பர், ஆனால் என் கை மாதிரி இருக்கிறது" என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். "நான் இல்லை" என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது அவசர முடிவு.

விளக்கம் சொல்லும் பகுதிதான் உண்மையிலேயே நம்மை உலுக்க வேண்டியது. கடும் வலிப்பு நோய்க்காக, மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றையான கார்பஸ் கலோசத்தைத் துண்டித்த நோயாளிகளை ரோஜர் ஸ்பெரியும் மைக்கேல் கசானிகாவும் ஆராய்ந்தார்கள். பார்வையை நடுப்புள்ளியில் நிறுத்தச் சொல்லி, கண் நகர்வதற்குள் படம் மறைந்துவிடும்படி ஒரு நொடியில் சிறு பகுதி மட்டும் காட்டுவார்கள். இடப்பக்கப் படம் வலது அரைக்கோளத்துக்கு மட்டும் போகும், வலப்பக்கப் படம் பேச்சுத் திறனுள்ள இடது அரைக்கோளத்துக்கு மட்டும் போகும். கைகளும் அப்படித்தான்: இடது கையை வலது அரைக்கோளமும், வலது கையை இடது அரைக்கோளமும் இயக்குகின்றன. பின்னாளில் கசானிகா குழு ஒருவருக்கு வலப்பக்கம் கோழிக்காலும் இடப்பக்கம் பனி மூடிய வீடும் காட்டியது. எதிரே இருந்த பட அட்டைகளில் வலது கை கோழியைத் தொட்டது, இடது கை பனியை அள்ள உதவும் மண்வாரியைத் தொட்டது. ஏன் மண்வாரி என்று கேட்டதற்கு, கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய அது வேண்டுமே என்றார், கொஞ்சமும் தயங்காமல். பனியைப் பார்த்தது பேசும் பாதிக்குத் தெரியாது. "தெரியவில்லை" என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கிடைத்ததை வைத்து ஒரு காரணத்தைக் கட்டிவிட்டது, அதை நம்பவும் செய்தது.

இதை வைத்து "ஒரு மண்டைக்குள் இரண்டு ஆட்கள்" என்று எழுதுபவர்கள் உண்டு. அது அவ்வளவு எளிதல்ல. யைர் பின்டோ குழு 2017-இல் இப்படிப்பட்ட இருவரைச் சோதித்தபோது, பொருள் பார்வைப்புலத்தின் எந்தப் பக்கம் தோன்றினாலும், அது எங்கே இருந்தது என்று எந்தக் கையாலும், வாயாலும் அவர்களால் சொல்ல முடிந்தது. இரு பக்கப் படங்களையும் ஒப்பிடத்தான் முடியவில்லை. பார்வை பிளந்திருக்கிறது, பதில் சொல்பவர் பிளக்கவில்லை என்பது அந்தக் குழுவின் முடிவு.

அடுத்து, "இதைச் செய்தது நான்தான்" என்ற உணர்வு. லிபெட் சோதனையை இந்த விவாதத்தில் எல்லோரும் இழுப்பதால் சுருக்கமாக: 1983-இல் பெஞ்சமின் லிபெட், விரும்பியபோது கையை அசைக்கச் சொல்லி அளந்தார். மூளையின் மின் அலை அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லி நொடிக்கு முன்பே எழும்புகிறது, "அசைக்கலாம்" என்ற எண்ணமோ 200 மில்லி நொடிக்கு முன்புதான் என்பது முடிவு. ஆனால் அந்த அலை, பல முயற்சிகளை அசைந்த நேரத்தில் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் கிடைப்பது. தற்செயலாக ஏறி இறங்கும் மூளையின் மின் இரைச்சல் ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு நிகழ்கிறது என்று வைத்துக்கொண்டாலே அதே வடிவம் வந்துவிடும் என்று 2012-இல் ஆரன் ஷர்கர் குழு காட்டியது. "மூளை முன்பே முடிவெடுத்துவிட்டது" என்பதற்கு இது உறுதியான சான்றாக இன்று நிற்கவில்லை.

நினைவு விஷயத்தில், கே.சி. என்று ஆய்வுகளில் குறிக்கப்படும் நோயாளியைத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தில் மூளை அடிபட்டு, தன் வாழ்வின் ஒரு சம்பவத்தைக்கூட நினைவுகூர முடியாமல் போனவர். ஆனால் தன் குணங்களைப் பற்றி அவர் சொன்னது, அவர் அம்மா சொன்னதோடு நன்றாகவே பொருந்தியது. கதை போனாலும் ஆள் போகவில்லை.

என் கணிப்பு இது: உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து ஆணையிடும் ஒரு குட்டி முதலாளி மூளையில் இல்லை, அப்படியோர் இடத்தை யாரும் கண்டதில்லை. அந்த "நான்" மாயை என்றால் ஒத்துக்கொள்கிறேன். அனுபவிப்பவரே இல்லை என்பது வேறு கூற்று, மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதைத் தொடக்கூட இல்லை.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் சிலருக்கு இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. தன்னையே வெளியிலிருந்து பார்ப்பதுபோல, எதுவும் நிஜமில்லாததுபோல வாரக்கணக்கில் இருந்தால் அதற்கு டிபர்சனலைசேஷன்-டிரியலைசேஷன் என்று பெயர். அது ஞானமும் அல்ல, பைத்தியமும் அல்ல. பதற்றம், தூக்கமின்மை, கஞ்சா, அதிர்ச்சி இவற்றை ஒட்டி வருவது உண்டு. "நான் நிஜமா?" என்று திரும்பத் திரும்பச் சோதிப்பது அதை மோசமாக்கும். அந்த நிலையில் இதுபோன்ற கட்டுரைகளைத் தேடிப் படிப்பதை நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள்.