டோரோவீப் போகிறீர்களா? டயரையும் வானத்தையும் பாருங்கள்

கிராண்ட் கேன்யனின் வடகரையில், அரிசோனாவின் மண்சாலைகளுக்கு அப்பால் இருக்கிறது டோரோவீப் முனை. பாறை விளிம்பிலிருந்து சுமார் 3,000 அடி செங்குத்தாகக் கீழே கொலராடோ ஆறு. வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்குப் பதில்கள் கீழே.

செந்தில், டாலஸ்: லாஸ் வேகஸில் எஸ்யூவி வாடகைக்கு எடுத்து வரலாமா சார்?

வாடகை ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். பெரும்பாலானவற்றில் மண்சாலையில் ஓட்டக்கூடாது என்று இருக்கும். மீறினால் காப்பீடு நிற்காது. அங்கிருந்து வண்டியை இழுத்து வர 1,000 முதல் 2,000 டாலர் வரை ஆகும். கடைசி மூன்று மைல் வெறும் பாறைப் படிகள். அங்கே ஃபோர் வீல் டிரைவைவிட வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரம் என்பதே முக்கியம். தாழ்வான கிராஸ்ஓவர் என்றால் ஆயில் பாத்திரம் அடிபடும். டிரெய்லரோடு சேர்த்து 22 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை.

முருகன், சான் ஹோசே: மூன்று வழி காட்டுகிறதே, எது?

சன்ஷைன் வழி, அதாவது 109ஆம் எண் சாலை. ஃப்ரெடோனியா என்ற சிற்றூரிலிருந்து 389ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏழெட்டு மைல் போனதும் இடப்பக்கம் பிரியும். அங்கிருந்து 61 மைல், இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். கொலராடோ சிட்டியிலிருந்து வரும் கிளேஹோல் வழி 56 மைல்தான், ஆனால் நனைந்தால் போகவே முடியாது. செயின்ட் ஜார்ஜிலிருந்து வருவது 90 மைல். மவுண்ட் டிரம்புல் மலைப் பக்கம் பனி விழுந்தால் குளிர்காலத்தில் அடைபடும். பெட்ரோலை ஃப்ரெடோனியாவிலேயே நிரப்பிவிடுங்கள். அதற்கப்புறம் பங்க் கிடையாது.

கார்த்திக், ஃபீனிக்ஸ்: பஞ்சர் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மைதான். நாலு வண்டியில் ஒன்றுக்காவது டயர் போகும் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. கூரான கற்கள், அலை அலையான மேடுபள்ளம், அதில் ஓட்டுபவரின் அவசரம் எல்லாம் சேர்ந்த பலன் அது. 25 மைல் வேகத்தைத் தாண்டாதீர்கள். சரளை தொடங்கியதும் காற்றைக் குறையுங்கள்: 35 பிஎஸ்ஐ இருந்தால் 27, 28 போதும். அதற்கும் கீழே இறக்கினால் டயரின் பக்கச் சுவர் பிதுங்கி, கல்லுக்கு வாட்டமாக நிற்கும். பக்கச் சுவர் கிழிந்தால் பிளக் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி) போட்டுப் பயனில்லை, ஸ்டெப்னிதான் வழி. அதனால் சின்ன 'டோனட்' ஸ்டெப்னியோடு கிளம்பவே கூடாது. முழு அளவு டயர் வேண்டும், அதில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது சின்ன விஷயத்தில்: அலாய் வீலில் திருட்டுத் தடுப்பு நட்டு ஒன்று இருக்கும், அதன் சாவி வீட்டு அலமாரியில் இருக்கும். கிளம்பும் முன் நாலு சக்கரத்தின் நட்டையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். மணலில் ஜாக்கி புதையும். அடியில் வைக்க ஒரு சாண் சதுரத்தில் கனமான பிளைவுட் துண்டு வேண்டும்.

டயர் தரையில் படும் பகுதியில் ஓட்டை என்றால், பிளக்கும் ரீமரும் (ஓட்டையைச் சுரண்டிச் சீராக்கும் முறுக்குக் கம்பி) தயாராகும்வரை ஆணியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கியதும் ரீமரை நாலைந்து தடவை உள்ளே வெளியே திருகி, பசை தடவிய பிளக்கை ஊசியில் கோத்துச் செருகி, ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி விட்டு ஊசியைச் சட்டென்று இழுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் இன்னொரு பிளக். காற்றடிக்கும் பம்ப்பை சிகரெட் சாக்கெட்டில் சொருகினால் ஃபியூஸ் போக வாய்ப்புண்டு. பேட்டரியில் நேரே கவ்வுவதாக வாங்குங்கள்.

ரேவதி, சியாட்டில்: ஜூலை விடுமுறையில் வரலாமா?

வேண்டாம் அம்மா. வெயில் ஒரு பக்கம், ஜூலை, ஆகஸ்டில் திடீர் இடிமழை இன்னொரு பக்கம். அந்தக் களிமண் நனைந்தால் டயரின் பள்ளங்களை நிரப்பிவிடும். அப்புறம் வழவழப்பான உருளைதான், எத்தனை வீல் டிரைவ் இருந்தாலும் சறுக்கும். மழை பிடித்துக்கொண்டால் காய்வதுவரை அங்கேயே இருப்பதுதான் வழி. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்லது. எந்த மாதமானாலும் ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும்.

அனுமதி அங்கே போய் வாங்கலாமா? (பலர்)

முடியாது. தங்கவும் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பவும் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். சிக்னல் இல்லை, ஆகையால் அச்சிட்டு வையுங்கள். கூடாரமிடச் சிறு இடங்கள் ஒன்பது, குழுவுக்கு ஒன்று.

மீனாட்சி, ஆஸ்டின்: சமையலுக்கு என்ன எடுத்து வர?

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அங்கே கிடைக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். இரண்டு இரவு தங்கினால் மூன்று நாளுக்கும் அவசர நாள் ஒன்றுக்கும் சேர்த்து 16 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள், குலுக்கலில் அடி விரிசல் விட்டால் அத்தனையும் போச்சு.

முகாம் சுமார் 4,500 அடி உயரத்தில். தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. மூன்று லிட்டர் குக்கர் கொண்டு வாருங்கள், எரிவாயுவும் மிச்சம். விறகும் கரியும் எரிக்கத் தடை. காற்றுக்கு மறைப்பு வைக்கும்போது சிலிண்டரையும் சேர்த்துச் சுற்றிவிடாதீர்கள், சூடேறி வெடிக்கும். அடுப்பை மட்டும், ஒரு பக்கம் திறந்தபடி. காலைக்கு அவல் உத்தமம்: நனைக்கக் கொஞ்சம் தண்ணீர், கழுவ ஒரே பாத்திரம். குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஜோசப், டென்வர்: ஆறு வயதுப் பையன் வருகிறான். வேலி உண்டா?

வேலியே கிடையாது. பாறை மேல் பொடிக்கற்கள் கிடக்கும். காலடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும். பையனின் கையை ஒரு பெரியவர் முழுநேரமும் பிடித்திருக்க முடியாது என்றால் விளிம்புக்குப் போக வேண்டாம். பெரியவர்களும் குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பதே நல்லது. கீழே மேற்குப் பக்கம் வெள்ளை நுரையாகத் தெரிவது லாவா ஃபால்ஸ், ஆறு சீறிப் பாயும் இடம். கறுத்த கூம்புக் குன்று வல்கன்ஸ் த்ரோன் என்ற பழைய எரிமலை. இந்தப் பக்கத்து எரிமலைக் குழம்புதான் ஒரு காலத்தில் வழிந்து ஆற்றையே அணைகட்டியது.

பிரபு, சிகாகோ: சூரிய உதயத்துக்கு அலாரம் எத்தனை மணிக்கு?

மணி வைப்பதற்குமுன் போனின் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். கோடையில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கடைசியாக யூட்டா கோபுரத்தைப் பிடித்த போன் அந்த நேரத்தையே காட்டும். உதயத்துக்கு 40 நிமிடம் முன்னால் எழுந்தால் போதும். ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். கூடாரத்துக்கு முளை அடிக்க முடியாது, அடியில் பாறை. முனைக்கயிறுகளைக் கல்லில் கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும், காற்று மொத்தமாகத் தூக்கிப் போய்விடும்.